கார் செட்டில் சத்தம் போதவில்லையா? ஸ்பீக்கரைக் கருக்காமல் கூட்டும் வழி, அறிகுறி வாரியாக

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று இந்த மலையகப் பக்கத்தில் தெரிந்தவர்களின் வாகனங்களில் செட்டைப் பார்த்துக் கொடுத்துக் கொடுத்து எனக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: "சத்தம் பத்தல, அம்ப் ஒண்ணு போடலாமா?" கேட்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டி) தேவையே இல்லை. இருக்கிற சத்தம் கதவுக்குள்ளேயோ, மாற்றிக் கொடுத்த வயரிலோ, போனிலோ வீணாகிக்கொண்டிருக்கும். மீதிப் பேர் ஸ்பீக்கரைக் கருக்கிவிட்டுத்தான் வருகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை, ஏனென்றால் கருகுவதற்கு முன்னால் அந்த ஸ்பீக்கர் பல நாள் கரகரத்து எச்சரித்திருக்கும்.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே விதி. சத்தம் உடையத் தொடங்கியதும் வால்யூமை இறக்குங்கள். சின்ன செட்டை அதன் சக்திக்கு மேல் முறுக்கினால் அது வெட்டுப்பட்ட சத்தத்தைத்தான் அனுப்பும், அந்தச் சூடு முதலில் ட்வீட்டரை (மெல்லிய சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) தின்னும், அப்புறம் வூஃபரின் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) கொயிலை, அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருளை. நல்ல அம்ப் சுத்தமாகக் கொடுக்கிற 50 வோட்டை (வாட்) தாங்குகிற ஸ்பீக்கர், கரகரக்கிற 20 வோட்டில் ட்வீட்டரை இழந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. மல்டிமீட்டர் ஒன்று, சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற 1.5 வோல்ட் பெட்டரி ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப், வெளிச்சத்துக்குப் போன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கராஜில் எஞ்சினை ஓட விட வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு, மேடான இடம் என்றால் டயருக்குக் கல்லும் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். செட்டில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள், பேஸ் பூஸ்ட், லௌட்னஸ் எல்லாவற்றையும் அணையுங்கள், முன்-பின், இடம்-வலம் இரண்டும் நடுவில் இருக்கட்டும். அப்புறம் உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். வட்ஸ்அப்பில் பத்துப் பேர் கை மாறி வந்த பாட்டு வேண்டாம், அது முதலிலேயே உடைந்திருக்கும்.

வால்யூமை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், பாடகரின் குரலில் "ஸ்" என்கிற எழுத்து எந்த எண்ணில் எரிச்சலாகக் கேட்கத் தொடங்குகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செட் 40 வரை போகும், 29இல் எரிச்சல் வருகிறது என்றால் உங்கள் எல்லை 27. நான் இதை ஒரு டேப் துண்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுவேன், வாகனத்தை இன்னொருவர் ஓட்டும்போதும் அது கண்ணில் படும்.

கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை மூன்று. மஞ்சள் நிறக் கனெக்டர் எயார்பேக்குடையது, மீட்டரால்கூடத் தொடக் கூடாது. எக்வா, ப்ரியஸ் போன்ற ஹைபிரிட்டில் செம்மஞ்சள் வயர் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே கை வைக்கக் கூடாது. பெட்டரி வயரைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் செட் எது என்று பாருங்கள், ஜப்பானில் இருந்து வந்த நவிகேஷன் செட்கள் சில, பெட்டரி கழன்றதும் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும்.

## அறிகுறி 1: தெளிவாகப் பாடுகிறது, ஆனால் சத்தம் போதவில்லை

போன். புளூடூத்தில் போனுடைய வால்யூமும் செட்டினுடைய வால்யூமும் வேறு வேறு. போன் பாதியில் இருந்தால் செட்டை எவ்வளவு திருப்பியும் பயனில்லை. போனை முழுமைக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு மீதியைச் செட்டில் கூட்டுங்கள். சில போன்களில் காதுப் பாதுகாப்புக்கு என்று சத்த வரம்பு ஒன்று இருக்கும், செட்டிங்கில் தேடிப் பாருங்கள். ஒக்ஸ் வயர் பாவித்தாலும் இதே கதைதான். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பாவிக்கிறீர்கள் என்றால், யுஎஸ்பி அல்லது ஒக்ஸ் உள்ள செட்டில் அதே பாட்டைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், டிரான்ஸ்மிட்டர் போகிற போக்கில் எவ்வளவு விழுங்குகிறது என்று உடனே புரியும்.

செட்டுக்குள் இருக்கிற அளவுகள். ரேடியோ, யுஎஸ்பி, புளூடூத் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு லெவல் வைக்கிற வசதி பல செட்டுகளில் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். ரேடியோ கத்துகிறது, புளூடூத் முனகுகிறது என்றால் அங்கேதான் பிரச்சினை.

கதவு. நான் மிக அதிகமாகச் சத்தத்தை மீட்டெடுத்த இடம் இதுதான், செலவும் குறைவு. டோர் போர்டைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரின் ரிம்முக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் சிறுவிரல் போகிற இடைவெளி இருந்தால், கோன் (ஸ்பீக்கரின் அசைகிற முகம்) முன்னால் தள்ளுகிற காற்று அந்த வழியாகவே பின்னால் போய்விடுகிறது, பேஸ் அங்கேயே செத்துவிடும். ரிம்மைச் சுற்றி ஜன்னலுக்கு ஒட்டுகிற ஃபோம் டேப் ஒரு சுற்று ஒட்டி ஸ்க்ரூவை இறுக்குங்கள். தகட்டில் கைபோகிற பெரிய ஓட்டைகள் இருக்கும், அவற்றை மூடியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தால் புதுசாக ஒட்டுங்கள், முடிந்தால் பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர் ஷீட்) வாங்கி ஒட்டலாம். கூரைக்குப் போடுகிற தார் ஷீட்டைச் சிலர் ஒட்டுகிறார்கள், நுவரெலியாக் குளிரில் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கொழும்புக்குப் போய் வெயிலில் நிறுத்தினால் உருகி வழிந்து நாறும், அது வேண்டாம்.

ஒன்றை மட்டும் மூடிவிடாதீர்கள்: கதவின் அடி விளிம்பில் இருக்கிற தண்ணீர் வடியும் துளைகள். நம்முடைய மழைக்கு அவை திறந்தே இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர். இவ்வளவுக்கும் பிறகும் போதவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றலாம். கடையில் பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருக்கிற வோட்டைப் பார்க்காதீர்கள், சின்ன எழுத்தில் "சென்சிட்டிவிட்டி" என்று இருக்கிற டெசிபல் எண்ணைப் பாருங்கள். 86 என்று இருக்கிற ஸ்பீக்கரையும் 92 என்று இருக்கிற ஸ்பீக்கரையும் ஒரே செட்டில் கொடுத்தால், இரண்டாவது தருகிற சத்தத்தை முதலாவதில் எடுக்க நான்கு மடங்கு வோட் வேண்டும். அதாவது சரியான ஸ்பீக்கர் வாங்குவதே ஓர் அம்ப் போட்ட மாதிரி. ஓட்டையின் அளவையும் பின்னால் கண்ணாடி இறங்கி வருகிற ஆழத்தையும் அளந்துகொண்டு போங்கள், ஆழமான காந்தம் கண்ணாடியில் இடித்துவிடும்.

அம்ப். கடைசியில்தான் இது. செட்டின் பெட்டியில் 50 வோட் நான்கு என்று போட்டிருக்கும், சுத்தமாகத் தருவது ஒரு ஸ்பீக்கருக்குக் கிட்டத்தட்ட 18 முதல் 22 வோட்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தருகிற உண்மையான சக்தி) 50 முதல் 75 வோட் வரை தருகிற நாலு செனல் அம்ப் ஒன்று நம் வாகனங்களுக்குத் தாராளம். வோட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது "கொஞ்சம் பரவாயில்லை" என்கிற அளவு. இரு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வோட் வேண்டும். அதனால் 50இல் இருந்து 60க்குப் போகக் காசு கொடுக்காதீர்கள்.

அம்ப் போட்டதும் கெயின் திருகாணியை (செட்டில் இருந்து வருகிற சிக்னலுக்கு அம்பைப் பொருத்துவது) வால்யூம் என்று நினைத்து முழுதாகத் திருகிவிடுகிறார்கள். ஸ்பீக்கர்களைக் கொன்றதில் முதலிடம் இந்தத் திருகாணிக்குத்தான். செட்டின் வால்யூமை முக்கால்வாசியில் வைத்து, கெயினை அடியில் இருந்து மெல்ல மெல்லத் திருப்புங்கள், எரிச்சல் கேட்கத் தொடங்கியதும் கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்திவிடுங்கள். மீட்டரால் செய்வதாக இருந்தால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, 1000 ஹேர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட விட்டு, அம்ப் வெளியே ஏசி வோல்ட் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வோட் வேண்டுமென்றால் 14.1 வோல்ட், 75 வோட் என்றால் 17.3. அதைத் தாண்டக் கூடாது.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்:* பெட்டரியில் இருந்து நேரடியாக வயர் இழுக்கிற நேரத்தில். ஃபயர்வோல் (எஞ்சினுக்கும் வாகனத்தின் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகடு) வழியாக வயரைக் கொண்டுவரும்போது ரப்பர் வளையம் இல்லாமல் விட்டால் தகட்டு விளிம்பு உறையை அறுத்துத் தீப்பிடிக்கும். பெட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கிறதா என்று வயரிங் பாஸ் (வயரிங் வேலை செய்கிறவர்) வேலையை முடித்ததும் நீங்களே பாருங்கள், இல்லையென்றால் வாகனத்தை எடுக்காதீர்கள்.

## அறிகுறி 2: கூட்டினால் கரகரக்கிறது

முதலில் பேஸைக் குறையுங்கள். சின்னக் கதவு ஸ்பீக்கரிடம் நிலம் அதிர்கிற பேஸைக் கேட்டால் அதன் கோன் அடித்துக்கொள்ளும். செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் (சொன்ன அளவுக்குக் கீழே உள்ள பேஸை வெட்டுவது) இருந்தால் 80 ஹேர்ட்ஸில் போடுங்கள், ஸ்பீக்கர் நாலு அங்குலம் என்றால் 100 அல்லது 120. கேட்டவுடன் பேஸ் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் அதே ஸ்பீக்கர் இன்னும் நாலைந்து படி வால்யூமை உடையாமல் தாங்கும். சத்தம் வேண்டுமென்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நான் யாருக்கும் சொல்லுவேன், ஒரு சதம் செலவில்லை.

பாட்டு மாற்றிப் பாருங்கள். ஒரு பாட்டில் மட்டும் கரகரப்பு என்றால் அந்த ஃபைல்தான்.

எந்த ஸ்பீக்கர்? ஒவ்வொரு மூலைக்கும் சத்தத்தைத் தள்ளிப் பாருங்கள். நாலிலும் ஒரே எண்ணில் உடைந்தால் செட் களைத்துவிட்டது. ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஸ்பீக்கர்.

செட் களைத்திருந்தால், ஒரு வயரில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வேன்களில் இது நிறைய. பின் சீட்டுக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் கோர்த்துவிட்டால் செட் 2 ஓமைப் பார்க்கிறது, சூடாகி உடைகிறது, ஒரு நாள் ஊமையாகிறது. மல்டிமீட்டரில் செட்டில் இருந்து கழற்றிய வயரை அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்ட வேண்டும். இரண்டுக்குக் கீழே காட்டினால் அதிகப்படி ஸ்பீக்கரைக் கழற்றுங்கள், அல்லது அதற்குத்தான் அம்ப்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் என்றால் செட்டை அணைத்துவிட்டு, இரண்டு கைப் பெருவிரலையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். உள்ளே மணல் உரசுகிற மாதிரி விரலில் தெரிந்தால் கொயில் உரசுகிறது, அந்த ஸ்பீக்கர் முடிந்தது. உரசல் இல்லை, ஆனால் ஓரத்து ஃபோம் வெடித்திருக்கிறது என்றால் மாற்றலாம், அளவான ஃபோம் கிடைத்து ஒட்டத் தெரிந்தவர் கிடைத்தால்.

டிக்கோயாவில் ஒரு வீட்ஸ் கார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிற அண்ணன் ஒருவருடையது.

"தம்பி, ஸ்பீக்கர் ரெண்டும் போயிருச்சு போல. புதுசு எடுத்துட்டு வரவா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே, கதவைத் தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

டோர் போர்டைக் கழற்றியதும் உள்ளே இருந்து வந்தது பாசி மணம். பிளாஸ்டிக் ஷீட் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. காகிதக் கோனின் கீழ்ப் பாதி ஊறிய அப்பளம் மாதிரி அலை அலையாக வீங்கி, அதன்மேல் வெள்ளைப் பூஞ்சணம். கதவடியில் ஒரு கோப்பைத் தண்ணீர். வடிதுளையைக் கம்பியால் குத்தினேன், யூகலிப்டஸ் இலைகள் கறுத்துப்போய் ஒட்டிக்கிடந்தன. அந்தப் பக்க ஸ்பீக்கரைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றப் பக்கம் ஈரம் மட்டும்தான் இருந்தது, வீட்டுக்குள் இரண்டு நாள் காய வைத்ததும் பாடியது. அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். புதிய ஸ்பீக்கரை வைக்கும்போது அதன் மேற்பாதிக்கு மேலே ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் துண்டை வெட்டிக் குடை மாதிரி ஒட்டினேன், தண்ணீர் காந்தத்தில் சொட்டாமல் வழிந்து போகும். மழைப் பக்கத்து வாகனத்துக்குக் காகிதக் கோனைவிடப் பொலி கோன் நல்லது.

*எப்போது ஆள்:* ஸ்பீக்கர் நாலும் நல்லவை, வயர் நல்லது, இருந்தும் வால்யூம் பாதியிலேயே உடைகிறது என்றால் செட்டின் உள்ளே இருக்கிற அம்ப் ஐசி (சிப்) போயிருக்கும். அதை மாற்ற ஈயம் வைக்கிற இரும்பில் கை பழகியவர் வேண்டும். பழைய சாதாரண செட் என்றால் கூலியைக் கேட்டுவிட்டு, புது செட்டின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

## அறிகுறி 3: சத்தம் இருக்கிறது, பேஸ் மட்டும் வெறுமையாக இருக்கிறது

பெரும்பாலும் வயர் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கரின் கோன் வெளியே வருகிற நேரத்தில் மற்றது உள்ளே போகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. புது செட் மாட்டிய மறுநாளே பேஸ் காணாமல் போனால் இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

சத்தத்தை முழுதாக இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள், பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் பேஸ் குறைகிறது என்றால் உறுதி. அப்புறம் செட்டின் பின்னால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, அதன் இரண்டு முனையிலும் அந்த 1.5 வோல்ட் பெட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டப்" என்று ஒரு சத்தம் வரும், கோன் வெளியே துள்ளினால் பெட்டரியின் கூட்டல் பக்கம் தொட்ட வயர்தான் கூட்டல். வலை மூடியிருந்தால் கோன் தெரியாது, போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நாலு ஸ்பீக்கருக்கும் இப்படிப் பார்த்து டேப்பில் அடையாளம் வைத்துவிட்டு ஒரே மாதிரி இணையுங்கள். தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள், நொடி போதும். செட்டோடு இணைந்திருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இதற்கு ஆள் தேவையில்லை. வயரைச் சரியாகப் போட்டும் பேஸ் வரவில்லையென்றால் அறிகுறி 1இல் சொன்ன கதவு வேலைக்குப் போங்கள். அதன் பிறகும் நெஞ்சில் அடிக்கிற பேஸ் வேண்டுமென்றால் கதவு ஸ்பீக்கரிடம் கேட்காதீர்கள், சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன சப் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) ஒன்று போதும்.

## அறிகுறி 4: ஒரு பக்கம் ஊமை, அல்லது வந்து வந்து போகிறது

கதவைத் திறந்து மூடும்போது வருகிறது, போகிறது என்றால் கதவு கீலில் இருக்கிற ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறக்கிற வேனில் இது சாதாரணம். குழாயை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, வயரை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஒடிந்தது ரப்பர் மாதிரி நீளும். முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல் ஈயம் வைத்து ஒட்டி ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், இல்லையென்றால் மூன்று மாதத்தில் பச்சை பிடித்துத் திரும்பவும் வரும்.

கதவுக்குச் சம்பந்தமில்லாமல் ஊமை என்றால் மீட்டரை வையுங்கள். ஓமே காட்டவில்லை என்றால் கொயில் அறுந்திருக்கிறது. 3.5 மாதிரி காட்டினால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது, மற்றப் பக்க ஸ்பீக்கரின் வயரை இங்கே மாற்றிக் கொடுத்துப் பார்த்தால் குற்றவாளி செட்டா வயரா என்று தெரிந்துவிடும். கூடவே, செட்டில் இருந்து கழற்றிய வயருக்கும் வாகன பொடிக்கும் (தகட்டு உடலுக்கும்) நடுவிலும் அளந்து பாருங்கள். ஏதாவது காட்டினால் வயர் எங்கேயோ தகட்டில் தொடுகிறது, அப்படியே செட்டை ஓட விட்டால் ஐசி போய்விடும். சிலர் வயர் மிச்சம் பிடிக்க ஸ்பீக்கரின் கழித்தல் வயரை பொடியில் கட்டுகிறார்கள். பழைய கசட் செட்டுகளில் சிலதில் அது நடந்தது, இப்போதைய செட்டுகளில் ஒருபோதும் கூடாது.

## அறிகுறி 5: பாட்டைவிடக் கதவு அதிகமாகப் பாடுகிறது

இன்னொருவரை உட்கார வைத்து பேஸ் உள்ள பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, டோர் போர்ட், கண்ணாடி, நம்பர் பிளேட், டிக்கி மூடி என்று உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். கை வைத்ததும் எங்கே நிற்கிறதோ அங்கேதான். உடைந்த கிளிப்தான் அநேகமாக, பத்துப் பதினைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு ஃபோம் துண்டு. கதவுக்குள்ளே லொக் கம்பி அடித்தால் அதற்கு ஃபோம் டேப் சுற்று. நம் தோட்டத்து ரோடுகளில் ஒரு வருடம் ஓடினாலே எல்லாம் தளரும், அதனால் இதை வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டி வரும்.

## அறிகுறி 6: பேஸ் அடிக்கும்போது லைட் மங்குகிறது, அல்லது செட் நின்று நின்று வருகிறது

மின்சாரம் போதவில்லை என்கிறது வாகனம். எஞ்சின் நிறுத்தி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பெட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் சுமாராக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவில். ஹைபிரிட், புது மொடல் வாகனங்களில் இது கொஞ்சம் கூடிக் குறையும்.

இரவில், மழையில், பனிமூட்டத்தில், லொறிக்குப் பின்னால் ரம்பொடை ஏற்றத்தில் நின்று நின்று போகிற நிலையை நினைத்துப் பாருங்கள்: ஹெட்லைட், ஃபொக் லைட், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர், புளோவர் எல்லாம் ஓடுகின்றன, எஞ்சினோ ஐட்லில். அங்கேதான் அம்பும் இழுக்கிறது. அதனால் அளக்கும்போது இவை எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். 12.5க்குக் கீழே விழுந்தால், பெரிய அம்ப் உங்கள் வாகனத்துக்குச் சரிவராது, அல்லது பெட்டரி, ஒல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது) இரண்டில் ஒன்று பலவீனம்.

பெட்டரியில் 13.8 இருக்கிறது, அம்ப் முனையில் 12 தான் வருகிறது என்றால் வயர். அம்ப் கிட் என்று விற்கிற வயரின் முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டினால் வெள்ளி நிறம் என்றால் அது அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது, தடிப்பாகத் தெரிவதில் பாதி உறை. சுத்தச் செம்பில் 8 கேஜ், மொத்தம் 300 வோட் ஆர்எம்எஸ் வரையான அம்புக்குப் போதும். எர்த்தையும் பாருங்கள்: பெயின்ட்டின்மேல் ஸ்க்ரூ வைத்தால் எர்த் ஆகாது, பளபளக்கிற தகடு தெரியும் வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள், நம் ஈரத்துக்குத் துரு சீக்கிரம் ஏறும்.

பியூஸ் போனால் அதே அளவில் இன்னொன்று போடுங்கள். அதுவும் போனால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டிய ஒரு ஆட்டோவின் வயரிங் முழுதும் உருகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு, இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆட்டோவில் பெட்டரியும் சின்னது, சார்ஜும் சின்னது, அதில் பெரிய அம்ப் வேண்டாம். சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கர் இரண்டை மூடிய மரப் பொக்ஸில் வைத்தாலே சத்தம் பின் சீட்டில் தாராளமாகக் கேட்கும்.

## அறிகுறி 7: எக்ஸலேட்டர் கொடுத்தால் ஸ்பீக்கரில் விசில்

போன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், முதலில். நின்றுவிட்டால் மலிவான சார்ஜர்தான் காரணம். நிற்கவில்லை என்றால் செட்டின் எர்த்தையும் அம்பின் எர்த்தையும் சுரண்டி இறுக்குங்கள். அப்புறம் ஆர்சிஏ வயரும் (செட்டில் இருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுபோவது) பவர் வயரும் ஒன்றாகக் கட்டி ஓடுகின்றனவா என்று பாருங்கள், ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமுமாகக் கொண்டுபோக வேண்டும். கடைசியாக, விசிலைத் தடுக்கிற ஃபில்டர். பெட்டரியிலும் வோல்ட் கூடிக் குறைந்து தெரிகிறது என்றால் ஒல்டர்னேட்டரின் டயோட் சந்தேகம், அது பாஸின் வேலை.

## அறிகுறி 8: லொறி, பஸ்ஸில் செட்டும் ஸ்பீக்கரும் அடிக்கடி போகின்றன

24 வோல்ட் வாகனம். இரண்டு பெட்டரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துச் செட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். பாடும், ஆனால் ஒரு பெட்டரி எப்போதும் குறைந்தே இருக்க மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், இரண்டும் சீக்கிரம் சாகும். 24இல் இருந்து 12க்கு இறக்குகிற கன்வேர்ட்டர் போட வேண்டும். செட்டுக்கு மட்டும் என்றால் 10 அம்பியர் போதும், அம்பும் உண்டு என்றால் அம்பின் பியூஸ் எத்தனை அம்பியரோ அதற்குக் குறையாமல். இதை நீங்களே செய்ய வேண்டாம், தவறி 24 நேரே போனால் ஒரு நொடியில் செட் போய்விடும்.

## அறிகுறி 9: யுஎஸ்பியில் நல்ல சத்தம், ரேடியோவில் மட்டும் மெலிவு

ஜப்பானில் இருந்து வந்த பழைய செட் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்முடைய எஃப்எம் 108 வரை போகிறது. அதற்காகப் போடுகிற பேண்ட் எக்ஸ்பாண்டர் ஏரியல் வயரின் நடுவில் செருகுவது, அதன் ஜக் தளர்ந்தால் ரேடியோ முனகும். கழற்றி, சுரண்டி, இறுகச் செருகுங்கள். ஏரியலின் அடியில் துரு இருந்தாலும் இதே கதை.

மலை மறைத்து ஸ்டேஷன் தேய்வது வேறு, அதற்கு மருந்து இல்லை. அந்த நேரத்தில் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றாதீர்கள். அடுத்த வளைவில் சிக்னல் திரும்பும்போது முழுச் சத்தமும் ஒரே அடியாக ஸ்பீக்கரில் விழும், எதிரே வருகிற பஸ்ஸின் ஹோர்னும் அதே வளைவில்தான் உங்களுக்குக் கேட்க வேண்டியிருக்கும்.